பீப்பாயும் மகளும்: குஜராத் கரையோரச் சுறாப் பாதுகாப்பின் பின்னுள்ள உழைப்புப் பற்றிய ஒரு நோக்கு

1

அழிந்துவந்த உயிரினமொன்று காப்பாற்றப்பட்டது என்னுஞ் செய்தி இன்று அடிக்கடி நம் கண்ணிற் படுகின்றது. இத்தகைய செய்திகளை இலக்கணக் கண்கொண்டு நோக்குவோர்க்கு ஓர் உண்மை புலனாகும். 'காப்பாற்றப்பட்டது' என்பது செயப்பாட்டுவினை. செயப்பாட்டுவினை வாக்கியத்தில் வினைமுதலைக் கூறாமலே பொருளை நிறைவுசெய்துவிட முடியும். யார் காப்பாற்றினர், எதனை இழந்து காப்பாற்றினர், அவ்விழப்பு எவர் தோளில் விழுந்தது என்னும் வினாக்கள் எழுவதற்கு முன்னரே வாக்கியம் முற்றுப்பெற்றுவிடுகின்றது. வினைமுதல் தேவைப்படுமிடத்துப் பெரும்பாலும் ஓர் அரசாங்கத்தின் பெயரோ, நிறுவனத்தின் பெயரோ, புகழ்பெற்ற தனிமனிதர் ஒருவரின் பெயரோ அவ்விடத்தை நிரப்புகின்றது.

இந்தியாவின் குஜராத் மாநிலத்துச் சௌராஷ்டிரக் கரையோரத்தில் 2004ஆம் ஆண்டு தொடங்கிய திமிங்கிலச் சுறாப் பாதுகாப்பு இயக்கத்தை இக்கட்டுரை எடுத்துக்கொள்கின்றது. அதற்குக் காரணங்கள் இரண்டு. முதலாவது, அவ்வியக்கம் பயன் விளைத்தது என்பதிற் கருத்து வேறுபாடு அதிகமில்லை. இரு தசாப்தங்களில் 800க்கு மேற்பட்ட திமிங்கிலச் சுறாக்கள் வலைகளிலிருந்து விடுவிக்கப்பட்டுள்ளன. இரண்டாவது, அவ்வெற்றி பெருமளவுக்கு ஓர் உருவகத்தின் வெற்றியாகவே பேசப்பட்டு வருகின்றது. கொல்லப்படும் மீனொன்றைப் பிறந்தகம் வரும் மகளாக உருவகித்தமையே மீனவர் மனத்தை மாற்றியது என்பர். சொல்லுக்குச் சமுதாயத்தில் உள்ள ஆற்றலை ஆராயும் இலக்கிய மாணவர்க்கு இதனிலும் பொருத்தமான எடுத்துக்காட்டு எளிதிற் கிடைப்பதன்று. அவ்வுருவகம் எதனைச் சாதித்தது, எதனை மறைத்தது, அதன் பின்னே நின்று வேலைசெய்தோர் யாவர் என்பனவற்றை ஈண்டு நோக்குவோம்.

2

முதற்கண் அம்மீனைப் பற்றிச் சில குறிப்புக்கள். திமிங்கிலச் சுறா திமிங்கில இனத்தைச் சேர்ந்ததன்று, அது மீன். உலகில் இன்று வாழும் மீன்கள் யாவற்றினும் பெரியது. 12 மீற்றர் நீளமுடையனவாகக் காணப்படுவதுண்டு; 18 மீற்றர் அளவினவும் பதிவாகியுள்ளன. 1828இல் தென்னாபிரிக்காவின் டேபிள் குடாவில் அகப்பட்ட ஒன்றை ஆதாரமாகக் கொண்டு அண்ட்ரூ சிமித் என்பவர் இதனை முதன்முதலில் விஞ்ஞான உலகுக்கு விவரித்தார். தமிழ்நாட்டுக் கரையோரத்தில் இதற்கு அம்மணி உழுவை என்ற பெயர் உண்டு.

சுறா என்றதும் நாம் நினைக்கும் கொடுமை இதனிடத்து இல்லை. வாயை அகலத் திறந்து நீரை உள்வாங்கி, அதிலுள்ள மிதவை உயிர்களையும் சிறுமீன்களையும் வடித்து உண்பது இதன் இயல்பு. மனிதரைத் தாக்குவதில்லை. மேல்மட்ட நீரில் மெதுவாக நீந்துகின்றது. இவ்வியல்புகளே இதனை எளிதிற் கொல்லத்தக்கதாக்கின.

இதன் இனப்பெருக்கம் பற்றி நெடுங்காலம் யாரும் தெளிவாக அறிந்திலர். 1995இல் தாய்வான் கடலிற் கொல்லப்பட்ட பெண் சுறாவொன்றின் வயிற்றில் ஏறத்தாழ 300 கருக்கள் இருக்கக் கண்டபோதே, இது குட்டி ஈனும் இனம் என்பது உறுதிப்பட்டது. கொலையின் வழியாகவே தாய்மை அறியப்பட்டது என்பது மனங்கொள்ளத்தக்கது. பருவமெய்த இதற்குப் பல பத்தாண்டுகள் செல்லும். ஆகவே வளர்ந்த மீன்களை ஆண்டுதோறும் அறுவடை செய்யும் எந்தக் கடலும் விரைவில் வெறுமையாகும். இயற்கைப் பாதுகாப்புக்கான சர்வதேச ஒன்றியம் 2016இல் இவ்வினத்தை அழியும் அபாயத்திலுள்ளதென வகைப்படுத்தியது.

3

சௌராஷ்டிரக் கரையின் வேராவல், சூத்ரபாடா, தாம்லெஜ், மாங்ரோல், போர்பந்தர் முதலிய துறைகளில் இம்மீன் பிடிக்கப்பட்ட வரலாற்றினை இரு கட்டங்களாகப் பிரித்து நோக்கலாம்.

முதற் கட்டத்தில் மீனவர் வேண்டியது அதன் ஈரலை. ஈரலெண்ணெயை மரப்படகின் பலகைகளிற் பூசினால் நீர் ஊறாது. மரமும் நீடித்து உழைக்கும். படகுடையோர்க்குத் தம் தொழிற்கருவியைப் பேணுவதற்குரிய ஒரு பொருளாகவே அது பயன்பட்டது. அக்கட்டத்தில் அம்மீனுக்குப் பயன்பெறுமதி இருந்ததே தவிரப் பெருஞ்சந்தை இருக்கவில்லை. படகுகள் எத்தனையோ அத்தனைக்கு வேண்டிய எண்ணெய் என்னும் எல்லை அக்கொலைக்கு இயல்பாகவே அமைந்திருந்தது.

1990களில் நிலைமை மாறிற்று. இந்தியக் கரையோரங்களில் மீன்பிடி இயந்திரமயமாகி, பனிக்கட்டித் தொழிற்சாலைகளும் குளிரூட்டிய களஞ்சியங்களும் ஏற்றுமதி நிலையங்களும் பெருகிய பின்னணியில், திமிங்கிலச் சுறாவின் இறைச்சிக்கு வெளிநாட்டுச் சந்தை திறந்தது. தாய்வானில் இதன் வெண்ணிற இறைச்சி விரும்பி உண்ணப்பட்டது. அங்கு இதனைச் சோயாத் தயிர்க்கட்டியின் பெயரால் தோபுச் சுறா என்றே வழங்கினர். இறைச்சிக்கும் செட்டைக்கும் விலை ஏறியதும், ஈரலுக்காகப் பிடித்த மீனை முழுமையாக விற்கும் நிலை தோன்றியது. கொலைக்கு எல்லை வகுத்தது இனிப் படகின் தேவையன்று; தொலைதூரத்து விலையே. ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கிற் சுறாக்கள் கொல்லப்பட்டன. பயன்பெறுமதி பரிமாற்றப் பெறுமதியாக மாறும்பொழுது இயற்கைக்கு என்ன நேர்கின்றது என்பதற்கு இது துலக்கமான சான்றாகும்.

கொல்லும் முறையும் குறிப்பிடத்தக்கது. பெரிய கொளுக்கிகளை மீனின் உடலிற் செலுத்துவர். கொளுக்கியோடு பிணைத்த கயிற்றின் மறுமுனையில் வெறும் பீப்பாய்கள் கட்டப்பட்டிருக்கும். அவற்றின் மிதப்பினால் மீன் ஆழத்துக்கு இறங்க இயலாது களைத்துப்போகும். பின்னர் கரைக்கு இழுத்துவரப்படும். இதன் காரணமாகவே பீப்பாயைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லையே அக்கரை மீனவர் மீனுக்கும் பெயராக வழங்கினர். கருவியின் பெயர் உயிருக்கு ஆகிவந்த ஓர் ஆகுபெயர் அது. ஓர் உயிரினத்தைக் கொல்லும் கருவியின் பெயராலேயே அழைக்கும் சமுதாயம், அவ்வுயிரினத்தோடு எத்தகைய உறவு கொண்டிருந்தது என்பதற்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை.

எனினும் மீனவரைக் கொடியோராகக் காட்டிக் கதையை முடித்துவிடுவது எளிது, அது பிழையுமாகும். ஏற்றுமதிச் சந்தையை உருவாக்கியோர் அவரல்லர். விலையை நிர்ணயித்தோரும் அவரல்லர். கடன்பட்டுப் படகு இறக்கும் ஒருவர்க்கு ஒரேயொரு பெருமீன் ஒரு பருவத்தின் சுமையைக் குறைக்குமெனில், அவர் அதனை நாடியமை வியப்பன்று. கொளுக்கியைப் பிடித்த கை கண்ணுக்குத் தெரிந்தது. கொளுக்கிக்குப் பின்னாலிருந்த சந்தை கண்ணுக்குத் தெரியவில்லை.

4

இக்கொலைகளை வெளியுலகின் கவனத்துக்குக் கொண்டுவந்தவர்களுள் முதன்மையானவர் கென்யாவிற் பிறந்த திரைப்பட நெறியாளர் மைக் பாண்டே. குஜராத் கரையில் அவர் எடுத்த விவரணப்படம் 2000ஆம் ஆண்டு வெளிவந்து, வனவிலங்குத் திரைப்படங்களுக்கான சர்வதேசப் பரிசினையும் பெற்றது. அதன் தாக்கத்தினால் 2001 மே 28இல் இந்திய அரசு திமிங்கிலச் சுறாவை 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதலாம் அட்டவணையிற் சேர்த்தது. புலிக்கும் யானைக்கும் உரிய சட்டப் பாதுகாப்பினைப் பெற்ற முதல் மீன் இதுவே. 2002இல் சிலி நாட்டின் சந்தியாகோ நகரிற் கூடிய மாநாட்டில், அழியும் உயிரினங்களின் வர்த்தகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச உடன்படிக்கையின் இரண்டாம் அட்டவணையிலும் இது இடம்பெற்றது. அப்பிரேரணையை முன்வைத்த நாடுகளுள் இந்தியாவும் பிலிப்பைன்சும் அடங்கும்.

சட்டம் வந்தது. ஆனாற் சட்டம் மட்டும் கடலுக்குச் செல்வதில்லை. கரையிலிருந்து பல மைல் தொலைவில், விடிவதற்கு முன் வலை இழுக்கும் நால்வர் ஐவரைத் தவிர வேறு சாட்சி இல்லாத வெளியில், அட்டவணையும் பிரிவும் எழுத்தாகவே எஞ்சும். முதலாம் அட்டவணை உயிரினத்தைக் கொன்றால் 3 முதல் 7 ஆண்டுவரை சிறை என இன்று சட்டம் கூறுகின்றது. தண்டனை எவ்வளவு கடுமையானதாயினும் காண்போர் இல்லாவிடத்து அது அச்சத்தை மட்டுமே தரும். அச்சம் மீனைக் காப்பாற்றாது, கொலையை மறைக்கவே தூண்டும்.

இதே 2001ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் நிகழ்ந்த வேறொன்றும் இவ்விடத்து நினைவுகூரத்தக்கது. சுறா, திருக்கை இனங்கள் யாவற்றையுமே பிடிக்கலாகாது என அரசு அறிவித்தது. அவற்றை நம்பி வாழ்ந்த மீனவரைக் கலந்துகொள்ளாமற் செய்யப்பட்ட அவ்வறிவிப்புக்குக் கரையோரங்களில் எதிர்ப்புக் கிளம்பிற்று. ஆண்டு முடிவதற்குள் அத்தடை ஒருசில இனங்களுக்கு மட்டுமாகக் குறுக்கப்பட்டது. உழைப்போரைப் புறத்தே நிறுத்தி வகுக்கப்படும் பாதுகாப்பு எவ்வளவு விரைவில் தளர்ந்துபோகும் என்பதை அந்நிகழ்ச்சி உணர்த்திற்று.

5

இத்தகைய சூழலிலேயே 2004இல் வைல்ட்லைஃப் ட்ரஸ்ட் ஒப் இந்தியா என்னும் அமைப்பு, விலங்கு நலனுக்கான சர்வதேச நிதியம், குஜராத் வனத்துறை, அக்கரையிலேயே மிட்டாப்பூரில் தொழிற்சாலை கொண்டுள்ள டாட்டா கெமிக்கல்ஸ் கொம்பனி ஆகியவற்றோடு சேர்ந்து இயக்கத்தைத் தொடங்கியது. இராமகதை சொல்வதிற் புகழ்பெற்ற மொராரி பாபு அதன் தூதுவராக அமைந்தார். அவரது பேச்சின் சாரம் இதுவே: இம்மீன் நம் கரைக்கு வருவது குட்டி ஈன்பதற்கு, முதற்பேற்றுக்குப் பிறந்தகம் வரும் மகளைக் கொல்லும் தந்தை உண்டா? அன்றுமுதல் அம்மீனுக்கு வ்ஹாலி என்னும் பெயர் வழங்கலாயிற்று. குஜராத்தியில் அதற்கு அன்புக்குரியவள் என்பது பொருள்.

மீனவன் ஒருவனின் கர்ப்பிணி மகள் தாய்வீடு வருதலையும், அவன் கடலிற் சுறாவை எதிர்கொள்வதையும் இணைத்த தெருநாடகம் ஊரூராக ஆடப்பட்டது. மெய்யளவிலமைந்த காற்றடைத்த சுறாவுருவம் துறைதோறும் கொண்டுசெல்லப்பட்டது. போர்பந்தர் முதலிய நகரங்கள் சுறாவைத் தம் சின்னமாக ஏற்றுக்கொண்டன. ஐப்பசி, கார்த்திகைக் காலத்தில் வரும் அமாவாசை நாளொன்று திமிங்கிலச் சுறா நாளாகக் கொண்டாடப்படலாயிற்று.

இவ்வுருவகம் வேர்கொண்டமைக்குக் காரணம் அது மேலிருந்து இறக்கப்பட்ட கருத்தாக அமையாமையே. தலைப்பிள்ளைப் பேற்றுக்குப் பெண் தாய்வீடு வருதல் குஜராத்தில் வேரூன்றிய வழக்கு, நமக்கும் புதியதன்று. இந்து மீனவரான கார்வா, கோலிச் சாதியினர்க்கு மட்டுமன்றி, அத்துறைகளில் வாழும் முஸ்லிம் மீனவர்க்கும் மகள் மகளே. உயிரினப் பல்வகைமை என்றோ, உணவுச் சங்கிலி என்றோ கூறியிருந்தால் அச்சொற்கள் கரையிலேயே நின்றிருக்கும். வாழ்விலிருந்து பிறந்த படிமம் படகில் ஏறிக் கடலுக்குச் சென்றது. பீப்பாய் என்ற ஆகுபெயரை மகள் என்ற உருவகம் வெளியேற்றியது. உலகில் எவ்விடத்தில் இச்சுறா குட்டி ஈனுகின்றது என்பது விஞ்ஞானிகளால் இன்னும் முழுமையாக நிறுவப்படவில்லை. ஆயினும் உருவகத்தின் உண்மை உயிரியலின் உண்மையில் முழுவதும் தங்கியிருப்பதில்லை. அது உறவொன்றை நிறுவியது. உறவு கடமையை நிறுவியது.

தமிழ் மாணவர்க்கு இவ்விடத்தில் ஒரு ஒப்புமை தோன்றாதிராது. குறுந்தொகையின் 269ஆம் செய்யுளில் நெய்தல் நிலப் பெண்ணொருத்தி தன் காதலனுக்குச் செய்தி விடுக்கின்றாள். சுறா தாக்கிய புண் ஆறியதும் அவள் தந்தை மீண்டும் கடலுக்குப் போய்விட்டான். தாய் உப்பைக் கொடுத்து நெல் மாற்றி வருவதற்காக உப்பளத்துக்குச் சென்றுவிட்டாள். காதற் செய்தியின் ஊடே ஒரு குடும்பத்தின் உற்பத்தி வாழ்வு முழுவதும் அங்கு தென்படுகின்றது. சுறாவினாற் புண்பட்டவன் புண் ஆறியதும் மீண்டும் கடலுக்குப் போகவேண்டியிருக்கின்றது. ஏனெனில் வேறு வழியில்லை. சான்றோர் செய்யுளில் தந்தையின் புண்ணும் தாயின் உப்பும் மறைக்கப்படவில்லை. குஜராத்தின் புதிய கதையில் மகள் இருக்கின்றாள், தந்தையின் அன்பும் இருக்கின்றது. தந்தையின் புண்ணுக்கு எவ்வளவு இடம் உண்டு என்பதே நாம் கேட்கவேண்டிய கேள்வி.

6

ஒரு சுறாவை விடுவித்தல் என்பது செயலளவில் யாது? மீனவர் வேறு மீனுக்கு விரித்த செவுள்வலையிலோ வளைப்புவலையிலோ, சிறுமீன் கூட்டத்தைத் தொடர்ந்துவரும் சுறா அகப்படுகின்றது. பல தொன் எடையுள்ள உடல் புரளும்போது நைலோன் வலை மேலும் மேலும் அதனைச் சுற்றிக்கொள்கின்றது. அசைவற்றுக் கிடக்குந்தோறும் செவுளினூடே நீர் செல்லாது அது மூச்சுத் திணறும். எனவே விரைந்து செயற்படல் வேண்டும். முடிச்சை அவிழ்க்க முடியாது; வலையைக் கத்தியால் அறுக்கவேண்டும். புரளும் வாலுக்கருகே சிறு படகில் நின்று அறுக்கவேண்டும். அறுத்ததும் மீன் போய்விடும். எஞ்சுவது கிழிந்த வலை. அன்றைய பிடி இல்லை. எரிபொருட் செலவு உண்டு. வலையைப் பொத்தும்வரை தொழில் இல்லை.

மகள் என்ற சொல்லுக்குள் மறைந்துகிடக்கும் பொருளியல் உண்மை இதுவே. நம்மிடையேயும் குஜராத்திலும் தலைப்பேற்றின் செலவு பிறந்தகத்தின் தலையிலேயே விழுவது வழக்கம். மகளுக்காகச் செலவிட்ட தந்தை அதற்குக் கூலி கேட்பதில்லை; கேட்பது இழிவு. மீனை மகள் என்று அழைத்ததும், அம்மீனுக்காக ஏற்படும் இழப்பு தந்தையின் கடமையாக இயல்பாகவே உருமாறிவிடுகின்றது. உலகத்தார் யாவர்க்கும் பொதுவான சொத்தெனக் கூறப்படும் ஓர் உயிரினத்தைக் காக்கும் செலவு, அவ்வுலகத்தில் மிகக் குறைந்த வசதியுடைய ஒரு பகுதியாரின் குடும்பக் கடமையாகிவிடுகின்றது. உருவகம் திட்டமிட்டு இதனைச் செய்தது என்று நாம் கூறவில்லை. அதனை உருவாக்கியோரின் நன்னோக்கமும் ஐயத்துக்குரியதன்று. கருத்துநிலை தொழிற்படும் வகை அத்தகையது. நல்லெண்ணமும் பொருளியற் சமமின்மையும் ஒரே சொல்லில் ஒதுங்கிக்கொள்ள முடியும்.

இயக்கத்தினர்க்கு இது புலப்படாமற் போகவில்லை என்பதையும் நேர்மையாக ஒப்புக்கொள்ளல் வேண்டும். வெறும் உருக்கம் நெடுநாள் நில்லாது என்பதை அவர்கள் உணர்ந்தனர். குஜராத் வனத்துறை வலைச் சேதத்துக்கு ஈட்டுத்தொகை வழங்கும் திட்டத்தைக் கொண்டுவந்தது. ஒரு வலைக்கு அதிகபட்சம் 25,000 ரூபா எனத் தொகை விதிக்கப்பட்டது. ஆயினும் தொடக்கத்தில் அதிலொரு முரண்பாடு இருந்தது. சுறா அகப்பட்டதையும் வலை அறுக்கப்பட்டதையும் அதிகாரிகள் கண்டு உறுதிசெய்தல் வேண்டும். அவர்கள் கரையிலிருந்து வந்துசேரும்வரை மீன் வலையிற் கிடந்து துன்புறும். மீனவரின் நேரமும் வீணாகும். மீனவரின் சொல் சான்றாகக் கொள்ளப்படவில்லை என்பதே இதன் பொருள்.

பின்னர் வந்த மாற்றம் இவ்வியக்கத்தின் மிக முக்கியமான திருப்பம் என்பது எமது கருத்து. நீர் புகாத எளிய கமராக்கள் மீனவர் கையிற் கொடுக்கப்பட்டன. சுறா அகப்பட்டதும் அவர்களே வலையை அறுத்து விடுவிப்பர். விடுவித்ததைத் தாமே படமெடுப்பர். அப்படமே ஈட்டுத்தொகைக்குச் சான்றாகும். காத்திருப்பு நீங்கியது, மீன் விரைந்து விடுபட்டது. அதனினும் மேலாக, நேற்றுவரை சந்தேகத்துக்குரியோராக நடத்தப்பட்ட உழைப்பாளர் சாட்சிகளாக ஏற்றுக்கொள்ளப்பட்டனர். உருவகம் மனத்தை இளக்கியது உண்மை. ஆனால் இளகிய மனத்தை ஆண்டாண்டாக நிலைநிறுத்தியவை ஈட்டுத்தொகையும் நம்பிக்கையுமே. மேற்கட்டுமானத்தில் நிகழும் மாற்றம் அடித்தளத்தில் ஊன்றுகோல் பெறாவிடின் நில்லாது என்னும் பொதுவுண்மைக்கு இதனை ஒரு சிறு சான்றாகக் கொள்ளலாம்.

7

எனினும் ஈட்டுத்தொகையோடு கணக்குத் தீர்ந்துவிடுவதில்லை. ஈட்டுத்தொகை வலைக்குரியது, வலையோ உடைமையாளர்க்குரியது. வேராவல் இந்தியாவின் மிகப்பெரிய மீன்பிடித் துறைகளுள் ஒன்று. அங்கு படகிற் செல்வோர் யாவரும் படகுடையோர் அல்லர். நமது கரையோரத்தில் சம்மாட்டிக்கும் அவரிடம் தொழில் செய்வோர்க்கும் இடையிலுள்ள உறவை அறிந்தோர்க்கு இது எளிதில் விளங்கும். வலையை அறுக்கும் கத்தியைப் பிடித்திருப்பவர் பலவேளை பங்குக்கோ சம்பளத்துக்கோ ஏறிய தொழிலாளி. அவர் இழப்பது வலையை அன்று; அன்றைய பங்கை. கிழிந்த வலைக்கு ஒரு விலை உண்டு. இழந்த நாளுக்கு அத்திட்டத்தில் விலையில்லை.

அத்தொழிலாளருட் பலர் அக்கரையைச் சேர்ந்தவரும் அல்லர். 2018 நவம்பரில் வேராவலிலிருந்து கடலுக்குச் சென்று, கடலெல்லையைத் தாண்டியதாகப் பாகிஸ்தான் காவலிற் சிக்கியோருள் இந்தியாவின் மறுகரையிலுள்ள ஆந்திரப் பிரதேசத்து ஸ்ரீகாகுளம் முதலிய மாவட்டங்களின் மீனவர் இருந்தனர். அவர்களுள் 20 பேர் 2020 ஜனவரியிலேயே விடுதலையாகி நாடு திரும்பினர். தம் ஊரில் வாழ வழியின்றி ஆயிரம் மைலுக்கு அப்பால் கூலிக்குப் படகேறுவோர் இவர்கள். பிறந்தகம் வரும் மகள் என்னும் உருவகத்தை, தம் பிறந்தகத்தைப் பிரிந்து வந்த இத்தொழிலாளர் எவ்வாறு கேட்டிருப்பர் என்பது சிந்திக்கத்தக்கது. சுறாவுக்கு அரபிக் கடலில் எல்லையில்லை. செய்மதிக் கருவி பொருத்தப்பட்ட சுறாக்கள் நாடுகளின் கடலெல்லைகளைக் கடந்து சென்றதை ஆய்வாளர் வரைபடத்திற் குறித்தனர். அதே எல்லை மீனவர்க்குச் சிறையாகின்றது.

பெண்களின் பங்கும் இவ்வாறே கண்ணுக்குப் புலனாகாது போய்விடுகின்றது. கரையில் மீனைத் தரம்பிரித்தல், உலர்த்தல், விற்றல், ஏற்றுமதி நிலையங்களில் மீனைச் சுத்தஞ்செய்தல் ஆகிய வேலைகளிற் பெண்களின் உழைப்பே பெரிது. பிடி குறைந்த நாளின் சுமையை அடுப்படியில் ஏற்றுக்கொள்வோரும் அவர்களே. உருவகத்திற் பெண் கர்ப்பிணி மகளாக நடுவிடத்தைப் பெறுகின்றாள். நடைமுறையில் உழைக்கும் பெண் கதைக்கு வெளியே நிற்கின்றாள்.

இயக்கத்தின் ஊழியரையும் இங்கு மறத்தலாகாது. துறைதோறும் சென்று மீனவரோடு தேநீர்க் கடைகளில் அமர்ந்து பேசிய களப்பணியாளர், இரவிலும் அழைப்பு வந்தாற் படகேறிய வனத்துறைக் கடைநிலை ஊழியர், தெருநாடகத்தில் நடித்த இளைஞர் ஆகியோர் இல்லாமல் மாபெரும் பிரசங்கியின் சொல்லும் துறையை எட்டியிராது. விஞ்ஞான ஆய்விலும் இதுவே நிலை. திமிங்கிலச் சுறா ஒவ்வொன்றன் மேனியிலுமுள்ள வெண்புள்ளிகளின் அமைப்பு, மனிதரின் கைரேகை போல, வெவ்வேறானது. அதன் படத்தைக் கொண்டே ஒரு சுறாவை மற்றொன்றினின்றும் பிரித்தறிவர். எவ்விடத்தில், எப்பருவத்தில், எவ்வளவு பெரிய மீன் வந்தது என்னும் அடிப்படைத் தரவுகளை ஆய்வாளர்க்கு அளிப்போர் மீனவரே. கட்டுரையை எழுதுபவர் ஆய்வாளர். அறிவைக் கடலிலிருந்து கொண்டுவந்தவர் பெயரற்றவர். அறிவுற்பத்தியிலும் உழைப்புப் பிரிவினை உண்டு என்பதைப் பல்கலைக்கழகத்தாராகிய நாம் பிறரினும் நன்கறிவோம்.

8

மேற்கூறியவற்றாற் சில முடிவுகள் பெறப்படும்.

முதலாவதாக, உருவகத்தை ஏளனஞ் செய்து ஒதுக்குவது தவறு. சொல் சமுதாயத்தை மாற்றாது, பொருளாதாரமே மாற்றும் என்று பொறிமுறையாக வாதிப்போர்க்குச் சௌராஷ்டிரக் கரை தக்க மறுமொழியாகும். ஒரு மீனின் பெயர் மாறியபோது அம்மீனோடு மனிதர் கொண்ட உறவும் மாறிற்று. மக்களின் வாழ்க்கையிலிருந்து எடுக்கப்பட்டு மக்களிடமே திருப்பிக் கொடுக்கப்படும் படிமத்தின் ஆற்றலை நமது எழுத்தாளரும் கற்றுக்கொள்ள வேண்டும்.

இரண்டாவதாக, அவ்வாற்றலை மட்டும் போற்றுவதும் தவறே. ஈட்டுத்தொகையும் கமராவும் இல்லாதிருந்தால், மகள் என்ற சொல் காலப்போக்கில் வறியவரின் மனச்சாட்சிமீது சுமத்தப்பட்ட வரியாகியிருக்கும். எந்த உயிரினப் பாதுகாப்புத் திட்டத்தையும் மதிப்பிடுகையில் எத்தனை உயிர்கள் காக்கப்பட்டன என்ற கணக்கோடு, அதன் செலவை ஏற்றோர் யாவர் என்ற கணக்கும் உடன்வைக்கப்படல் வேண்டும். வலைக்கு ஈடு செய்வது போல இழந்த தொழில்நாளுக்கும் ஈடு செய்வதும், அதில் உடைமையாளரோடு தொழிலாளர்க்கும் பங்கு உறுதிப்படுத்துவதும் நியாயமான கோரிக்கைகளாகும். ஈட்டுத்தொகையை அருளாகக் கருதாது ஊதியமாகக் கருதினால் இது தெளிவாகும். ஏனெனில் சுறாவை விடுவித்தல் பொதுநலத்துக்காகச் செய்யப்படும் உழைப்பு. உழைப்புக்கு ஊதியம் உண்டு.

மூன்றாவதாக, கொலையின் காலத்தில் மீனவர் கொடியோராகக் காட்டப்பட்டனர். காப்பின் காலத்தில் மனந்திருந்தியோராகக் காட்டப்படுகின்றனர். இரண்டு சித்திரங்களும் அவரை ஒழுக்கக் கதையின் பாத்திரமாகவே கொள்கின்றன. இரு காலத்திலும் அவர் இருந்த இடம் ஒன்றே: கடலுக்கும் சந்தைக்கும் நடுவே, பிறர் வகுத்த விலைக்கும் பிறர் வகுத்த சட்டத்துக்கும் உட்பட்டு, தம் உழைப்பால் வாழும் இடம். அவ்விடத்திலிருந்துகொண்டே, தம் உழைப்பிற் பெற்ற வலையைத் தம் கையாலேயே அறுத்த செயலின் பெருமை, அவரை மனந்திருந்தியோராகக் காட்டும் கதையினும் பெரிது.

தொடக்கத்திற் கூறிய இலக்கணக் குறிப்புக்குத் திரும்புவோம். 800க்கு மேற்பட்ட சுறாக்கள் காப்பாற்றப்பட்டன என்பது உண்மையே. அவ்வாக்கியத்தைச் செய்வினையாக மாற்றி எழுதுவோமாயின் அது இவ்வாறு அமையும்: வேராவலிலும் சூத்ரபாடாவிலும் தாம்லெஜிலும் மாங்ரோலிலும் தொழில் செய்யும் மீனவர் தம் வலைகளை அறுத்து 800க்கு மேற்பட்ட சுறாக்களைக் காப்பாற்றினர். வரலாற்றை எழுதுவோர் பின்பற்றவேண்டிய வாக்கிய அமைப்பு இதுவே.